துவரம் பருப்பும் தூரம் பருப்பும்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் மாமா கடைச் சிட்டையில் இப்படி ஒரு வரி விழுந்தது: "துவ தூரம் தூரம் பருப்பு துவரம் பருப்பு துவரம் பருப்பு அரை துவரம் பருப்பு அரை கிலோ."

எழுதியது நான் செய்துகொடுத்த வலைப்பக்கம். மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "ஏன் மாப்ள, நான் ஒரு தடவதான சொன்னேன்? பருப்புக்கு நாமாவளி பாடுது?" என்றார். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடமாக வலைத்தளம் கட்டுவதுதான் என் பிழைப்பு.

கடை ஒட்டன்சத்திரத்தில். மளிகைதான், பெரிய கடை இல்லை. காலையில் ஏழு மணிக்கு மேல் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து போனில் சாமான் பட்டியல் வர ஆரம்பிக்கும். மாமா பட்டன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எதிர்முனையில் சொல்வதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்வார். "சீனி ரெண்டு கிலோ... சரி... உளுந்து ஒரு கிலோ... சரி..." அவர் சொல்லச் சொல்ல அத்தை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுதுவார். அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை ஆன பிறகு எழுத ஆள் இல்லை. மாமாவுக்கு டச் போனில் தமிழ் தட்டச்சு வராது, பழகிக்கொள்ளும் எண்ணமும் கிடையாது. அவர்தான் எல்லாவற்றையும் வாயால் சொல்கிறாரே, உலாவியே அதைக் கேட்டு எழுதினால் என்ன என்று தோன்றியது. ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது.

உலாவிக்குக் காது இருப்பது புதுச் செய்தியில்லை. வலைப்பக்கம் உலாவியின் காதைப் பயன்படுத்த வழிசெய்யும் இணையப் பேச்சு இடைமுகத்துக்கான அறிக்கையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு ஒன்று 2012 அக்டோபரிலேயே வெளியிட்டுவிட்டது. அடுத்த ஆண்டு குரோம் உலாவியின் 25-ஆம் பதிப்பு அதைத் தன்னுள் கொண்டுவந்தது. இன்றைக்கும் குரோமில் அந்த வசதியைக் கூப்பிட, குரோம் முன்பு பக்கங்களை வரையப் பயன்படுத்திய 'வெப்கிட்' இயந்திரத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பதுதான் வழக்கம். குரோம் வெப்கிட்டை விட்டு வேறு வீடு போனதே 2013-இல். வீடு மாறியும் பழைய தெருப் பெயரிலேயே கடிதம் வந்துகொண்டிருக்கிறது. தமிழ் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கூகுள் தன் குரலறிதலில் 2017 ஆகஸ்டில் சேர்த்த மொழிகளில் அதுவும் ஒன்று. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழுக்கு நான்கு குறியீடுகள் உண்டு. மொழிக் குறியீட்டைக் கொடுக்க மறந்தால் பக்கத்தின் முதல் வரியில் என்ன மொழி போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். எங்கிருந்தோ நகலெடுத்த என் வார்ப்புருவில் ஆங்கிலம் என்று இருந்தது. மாமா முதன்முதலில் "உப்பு ஒரு பாக்கெட்" என்றதும் யாரோ ஆங்கிலத்தில் 'ஊப்ஸ்' என்று வருத்தம் தெரிவிப்பதுபோல ஒன்று வந்தது. அது ஒரு வரித் திருத்தம்.

நாமாவளி அப்படி இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல, பேச்சுக்கான விடை எந்த உருவில் நம் கைக்கு வருகிறது என்பதைச் சொல்லவேண்டும்.

பேசி முடித்ததும் ஒரு வாக்கியம் வரும், வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்போம். இடைக்கால முடிவுகள் வேண்டாம் என்று விட்டுவிட்டால் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கும். ஆனால் பேசும்போதே எழுத்து ஓடினால்தான் மாமாவுக்கு நம்பிக்கை வரும் என்று அந்த இன்டரிம் ரிசல்ட்ஸ் பண்பை நான் இயக்கிவிட்டிருந்தேன். அதை இயக்கியவுடன் கதையே மாறிவிடுகிறது. உலாவி கேட்கக் கேட்கத் தன் ஊகத்தை நீட்டும். 'துவ' என்று கேட்டதும் 'துவ'. கொஞ்சம் கழித்து, ஓகோ 'தூரம்' போல. அடுத்து 'பருப்பு' காதில் விழுந்ததும், சே, அப்படியானால் அது 'துவரம்'. பின்னால் வரும் சொல் முன்னால் வந்த சொல்லைத் திருத்துகிறது. நாமும் இரைச்சலில் அப்படித்தானே கேட்கிறோம்? என்ன வித்தியாசம், நாம் தப்பாக நினைத்ததை வெளியே சொல்வதில்லை. இது ஒவ்வொன்றையும் சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் உலாவி நம் நிரலுக்கு அனுப்பும் தகவலுக்கு 'நிகழ்வு' என்று பெயர், அதில் முக்கியமாக இரண்டு சமாச்சாரங்கள் இருக்கும். ஒன்று ரிசல்ட்ஸ், அதாவது இந்த அமர்வில் இதுவரை கேட்ட அத்தனை துண்டுகளின் பட்டியல். புதிதாகக் கேட்டது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, மொத்தமும் வரும். இன்னொன்று ரிசல்ட் இண்டெக்ஸ், அந்தப் பட்டியலில் எந்த இடத்திலிருந்து மாற்றம் நடந்திருக்கிறது என்று சொல்லும் எண். அதற்கு முன்னால் இருப்பவை தொடப்படாதவை. பட்டியலின் ஒவ்வொரு துண்டிலும் 'இஸ்ஃபைனல்' என்று ஒரு கொடி, அதாவது உண்மை, பொய் என்று மட்டும் சொல்லும் அடையாளம். அது உண்மை என்றால் அந்தத் துண்டு இனி மாறாது. பொய் என்றால் இன்னும் ஊகம்தான், அடுத்த நிகழ்வில் வேறாகிவிடலாம், காணாமலேகூடப் போய்விடலாம்.

நான் செய்த தப்பு என்னவென்றால், வந்ததையெல்லாம் ஒரே எழுத்துச் சரத்தின் வாலில் ஒட்டிக்கொண்டே போனேன். ஊகங்கள் ஆறும் வரிசையாக ஒட்டிக்கொண்டன. அலுவலகத்தில் ஒரு ஜூனியர் இதைச் செய்திருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன். சரியான வழி இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்வது. உறுதியானதை ஒன்றில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஊகத்துக்கான பாத்திரத்தை ஒவ்வொரு நிகழ்விலும் கவிழ்த்துவிட்டு, பட்டியலில் இன்னும் உறுதியாகாமல் நிற்கும் துண்டுகளைக் கொண்டு புதிதாக நிரப்பவேண்டும். திரையில் உறுதியானதைக் கறுப்பிலும் ஊகத்தைச் சாம்பல் நிறத்திலும் காட்டினேன். மாமா அதற்கு "பச்சை, பழம்" என்று பெயர் வைத்துக்கொண்டார். சாம்பல் எழுத்து ஓடும்போது "இன்னும் பழுக்கல" என்பார்.

மடிக்கணினியில் இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஓடியது. அப்புறம் மாமாவின் டச் போனில் திறந்தோம். மறுபடியும் நாமாவளி.

இந்த முறை குற்றம் என் பக்கம் இல்லை என்று கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. நிகழ்வுகளை அப்படியே பதிவு செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் போன் ஊகங்களுக்கும் 'இறுதி' என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தது. 'துவரம்' இறுதி. 'துவரம் பருப்பு' இறுதி. 'துவரம் பருப்பு அரை' அதுவும் இறுதி. சில கைப்பேசிகளில் தொடர்ந்து கேட்கும் பயன்முறையைப் போட்டால் இப்படி நடக்கும், பலரும் பட்டிருக்கிறார்கள். காட்டிக்கொடுத்தது, தன் ஊகத்தில் உலாவிக்கு எவ்வளவு உறுதி என்று சொல்லும் நம்பகத்தன்மை எண்தான். போலி இறுதிகளில் அது பூஜ்யமாக இருந்தது, அசல் இறுதியில் மட்டும் ஒரு மதிப்பு இருந்தது. பூஜ்யமாக இருந்தால் முத்திரையை நம்பாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் நாமாவளி நின்றது. அசிங்கமான தீர்வுதான். நாளைக்கு வேறு போனில் அசல் இறுதிக்கே பூஜ்யம் வந்தால் சாமான் மொத்தமும் மாயமாகிவிடும். அதனால் கடைசியில் கைப்பேசியில் தொடர் பயன்முறையையே எடுத்துவிட்டேன். ஒரு சாமான் சொன்னதும் கேட்பது முடியும், முடிந்ததும் தானே திரும்பத் தொடங்கும்.

இந்தத் 'தானே திரும்பத் தொடங்கும்' தனிக் கூத்து. கேட்பது முடிந்தால் 'எண்ட்' நிகழ்வு வரும், அதில் மறுபடி 'ஸ்டார்ட்' போட்டால் ஆயிற்று. அப்படித்தான் எழுதினேன். ஒரு நாள் அத்தை தெரியாமல் ஒலிவாங்கிக்கான அனுமதியை மறுத்துவிட்டார். அனுமதி இல்லை என்று பிழை வந்தது, பிழைக்குப் பின்னால் 'எண்ட்' வந்தது, என் நிரல் சிரத்தையாக மறுபடி தொடங்கியது, மறுபடி பிழை. திரை மின்னிக்கொண்டே இருந்தது, போன் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது. இப்போது பிழையின் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். 'பேச்சே இல்லை' என்றால் பரவாயில்லை, திரும்பத் தொடங்கு. 'அனுமதி இல்லை' என்றால் நிறுத்திவிட்டு மனிதனிடம் சொல். 'வலையமைப்பு' என்றால் கொஞ்சம் காத்திரு. மாமா தானாக நிறுத்தும்போதும் அதே 'எண்ட்' வருவதால், நிறுத்தியது யார் என்று நாமே ஒரு கொடியில் குறித்துவைக்கவேண்டும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ரிசல்ட்ஸ் பட்டியல் காலியாகித் திரும்ப பூஜ்யத்திலிருந்து வரும், முந்தைய அமர்வில் பழுத்ததை நாம்தான் பத்திரப்படுத்தவேண்டும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் போன் 'டிங்' என்று ஒரு சத்தம் வேறு போடும். அதை நிறுத்த எனக்கு வழி கிடைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பழகிவிட்டார்கள்.

இதெல்லாம் எந்த மொழிக்கும் உள்ள பாடு. இனிமேல் சொல்லப்போவது நம் பாடு.

மாமா பெருங்காயம் என்றார். 'பெரும் காயம்' என்று வந்தது. நல்லெண்ணெய் என்றார். 'நல்ல எண்ணெய்' என்று வந்தது. அதில் தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பெயரே அப்படி வந்ததுதானே. ஆனால் கடைச் சரக்குப் பட்டியலில் 'நல்லெண்ணெய்' என்று இருக்கிறது, என் நிரல் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு அப்படி ஒரு சரக்கு இல்லை என்கிறது. 'கடலைப்பருப்பு' ஒரு நாள் சேர்ந்து வரும், ஒரு நாள் ஒற்று இல்லாமல் 'கடலை பருப்பு' என்று பிரிந்து வரும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் இடைவெளியைத் தூக்கிவிட்டேன், வல்லின மெய் இரட்டித்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். தமிழாசிரியர் யாராவது அந்த நிரலைப் பார்த்தால் பிரம்பை எடுப்பார்.

தேவையற்ற குறிகளை நீக்க ஒரு வடிகட்டி எழுதினேன். எழுத்துகள் மட்டும் போதும், மற்றதெல்லாம் போகட்டும் என்று, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடின் 'எழுத்து' என்ற வகையைக் கொடுத்தேன். 'பருப்பு' உள்ளே போய் 'பரபப' என்று வெளியே வந்தது. யூனிகோடின் கணக்கில் உகரக் குறியும் புள்ளியும் எழுத்து வகையில் சேராது, அவை 'குறி' என்ற தனி வகை. இரண்டு வகைகளையும் அனுமதித்தால்தான் பருப்பு பருப்பாக இருக்கும். வலைப்பக்கத்தின் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் சொல் எல்லையைக் கண்டுபிடிக்கும் பழைய குறியீடும் நமக்கு உதவாது. அதற்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான் சொல்லின் பாகம், தமிழ் முழுக்க அதற்கு வெற்றிடம்.

கொத்தமல்லி விவகாரம் இதைவிட நூதனம். திரையில் இரண்டு 'கொத்தமல்லி' பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, நிரல் வேறு வேறு என்கிறது. பிரித்துப் பார்த்தால், உலாவி கொடுத்ததில் ககரத்துக்குப் பின் 'ொ' ஒரே குறியாக இருந்தது. சரக்குப் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது, அதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. இரண்டையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு வடிவத்துக்கு இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். ஒரு வரிதான். அந்த ஒரு வரி தெரியாதவர்கள் ஒரு நாளைத் தொலைப்பார்கள், நான் தொலைத்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் நூற்றுக்கு நூறு பொருந்தாது என்பதால், எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று அளக்க லெவன்ஷ்டைன் தூரத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்ற கணக்கு. அங்கேதான் மிளகாய் வந்து சேர்ந்தது.

மாமா மிளகாய் என்று யகர ஒற்றோடு சொல்லி நான் கேட்டதில்லை, யாருமே சொல்வதில்லை. 'மொளகா' என்பார். உலாவி பெருந்தன்மையாகப் பாதி திருத்தி 'மிளகா' என்று கொடுத்தது. இப்போது 'மிளகா'வுக்குக் கிட்டத்தில் இருப்பது 'மிளகு' என்ற சரக்கா, 'மிளகாய்' என்ற சரக்கா? குறிகளை எண்ணினால் 'மிளகு' ஒரே அடி தூரம்: காலை எடுத்துவிட்டு உகரக் குறி போட்டால் போதும். 'மிளகாய்' இரண்டு அடி: யகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஆக நிரல் மிளகைத் தேர்ந்தெடுத்தது. கால் கிலோ காய்ந்த மிளகாய் கேட்ட வீட்டுக்குக் கால் கிலோ மிளகு போயிற்று. விலை எவ்வளவு வித்தியாசம் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டு அப்பத்தா நேரில் வந்து, "மெளகு ரசத்துலயே குளிக்கச் சொல்றியாப்பா?" என்று மாமாவைக் கேட்டுவிட்டுப் போனார்.

குறிகளாக எண்ணுவதை விட்டு முழு எழுத்துகளாக எண்ணிப் பார்த்தேன். உலாவியில் 'இன்டல் செக்மென்டர்' என்று ஒன்று இருக்கிறது, 'மி', 'ள', 'கா' என்று கண்ணுக்குத் தெரிகிறபடி பிரித்துக் கொடுக்கும். தமிழுக்கு அதுதான் முறை. அப்போது மிளகும் ஒரு அடி, மிளகாயும் ஒரு அடி. பந்தயம் சமம்! கணக்கால் தீராத வழக்கு இது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு சரக்குக்கும் பட்டப்பெயர்ப் பட்டியல் போட்டேன். மிளகாய்: மிளகா, மொளகா, வத்தல். உளுந்து: உளுத்தம்பருப்பு, 'விழுந்து'. ஆமாம், 'விழுந்து' என்றும் வந்திருக்கிறது. பட்டப்பெயர் நேராகப் பொருந்தினால் அதுவே தீர்ப்பு, தூரக் கணக்கு அதற்கு அப்புறம்தான். முதலும் இரண்டாவதும் சமமாக வந்தால் நிரல் முடிவெடுக்காது, மஞ்சள் கட்டத்தில் இரண்டையும் காட்டிக் காத்திருக்கும்.

மாற்று ஊகங்களைக் கேட்டு வாங்குவதும் உதவியது. 'மேக்ஸ் ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்ற எண்ணைச் சும்மா விட்டால் ஒரே ஒரு ஊகம்தான் கிடைக்கும். ஐந்து என்று வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் ஐந்து வரை வரலாம், சில சமயம் இரண்டோடு நின்றுவிடும். முதலில் இருப்பது பொதுத் தமிழில் நிகழக்கூடிய வாக்கியம். மளிகைக்கடைக்குப் பொருத்தமானது மூன்றாவதாக ஒளிந்திருக்கும். 'சிறகும்' என்று முதலில் நிற்கும், 'சீரகம்' கீழே நிற்கும். எல்லா ஊகங்களையும் சரக்குப் பட்டியலோடு ஒப்பிட்டு, கடையில் உள்ள சாமான் எதில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். மாமா கடையில் சிறகு விற்பதில்லை என்பது உலாவிக்கு எப்படித் தெரியும்?

நம்பகத்தன்மை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் வரும் அந்த எண்ணை வைத்து, இவ்வளவுக்கு மேல் என்றால் சரி, கீழே என்றால் திரும்பக் கேள் என்று ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். 'பெரும் காயம்' பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு மேல் வாங்கியது. தெளிவாக உச்சரித்த 'ரவை' பாதியைக்கூடத் தாண்டவில்லை. கேட்ட ஒலிக்கு இந்த எழுத்து பொருந்துகிறதா என்பதில் அதற்கு உள்ள துணிச்சல்தான் அந்த எண். பெரும் காயம் என்று அது கேட்டது சரிதான், மாமா அப்படித்தான் சொன்னார். அந்த நிபந்தனையை மொத்தமாக எடுத்துவிட்டேன். போலி முத்திரையைக் கண்டுபிடிக்க உதவியது ஒன்றுதான் அந்த எண்ணால் நான் கண்ட பயன்.

அளவுகளுக்கும் ஒரு அட்டவணை தேவைப்பட்டது. 'ரெண்டு கிலோ' என்று எழுத்தாகவும் வரும், '2 கிலோ' என்று எண்ணாகவும் வரும். ஒண்ணரை, ரெண்டே கால், முக்கால் எல்லாவற்றையும் கிராம் கணக்குக்கு மாற்றினேன். சுலபமான வேலை, ஆனால் பொழுதைத் தின்றது.

ஒரு நாள் மாமா கேட்டார்: "ஏன் மாப்ள, நாம பேசுறது இந்தப் போனுக்குள்ளயேதான இருக்கு?" இல்லை மாமா, வழக்கமாக ஒலி வெளியே ஒரு சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகித் திரும்பி வருகிறது, அதனால்தான் நெட் இல்லாவிட்டால் எழுதுவதில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அன்றையிலிருந்து கடன் வைத்திருக்கிறவர்களைப் பற்றி அத்தையிடம் பேசுவதற்கு முன்னால் ஒலிவாங்கிப் பொத்தானை அணைத்துவிடுகிறார். நானும் பத்து நிமிடம் சாமான் எதுவும் விழாவிட்டால் தானே அணைந்துவிடும்படி மாற்றினேன். அதை முதலிலேயே நான் யோசித்திருக்கவேண்டும்.

இப்போது கடையில் ஓடுவது இப்படி. மாமா சொல்கிறார், சாம்பல் எழுத்து ஓடுகிறது, பழுக்கிறது, சரக்குப் பெயராகவும் அளவாகவும் பிரிந்து சிட்டையில் உட்காருகிறது. பட்டியல் முடிந்ததும் அவர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக எதிர்முனைக்குத் திருப்பிப் படிக்கிறார். மஞ்சள் கட்டம் வந்தால் "மொளகாவா, மெளகா?" என்று கேட்டுவிட்டு விரலால் தட்டுகிறார். அத்தைக்குக் கண் சரியாகிவிட்டது. இருந்தாலும் பென்சிலை எடுக்கவில்லை, பட்டப்பெயர்ப் பட்டியலுக்கு அவர்தான் பொறுப்பு. அதற்கென்று தனிப் பக்கம் செய்துகொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டார். "உங்க மாமா சோம்புன்னு சொன்னா அது சும்மான்னு எழுதுது. சோம்புக்கு நேரா சும்மான்னு போட்டுறட்டா?" போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பின்னால் மாமா யாருக்கோ சொல்வது கேட்டது: "அதுக்கெதுக்குங்க காசு, சும்மா ரெண்டு எலுமிச்சம்பழம் சேத்து வைக்கிறேன்."

"இருங்க அத்தை," என்றேன். "இதக் கொஞ்சம் யோசிக்கணும்."